செய்தியோடை ரீடர் எதைத் தேர்ந்தெடுப்பது? மதுரை வட்டார வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்யும் வழக்குரைஞர்கள், உள்ளூர் நிருபர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனச் செய்தி படிப்பதை அன்றாட வேலையாகக் கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஃபீட் என்று வழங்கும் செய்தியோடைகளைப் படிக்க எந்த மென்பொருளை, எந்த இணையச் சேவையைப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணங்களும் இலவச வரம்புகளும் அவ்வப்போது மாறுபவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்தச் சேவையின் விலைப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாச் செய்தியும் வந்துவிடுகிறது. செய்தியோடை எதற்கு?

குழுவில் வருவது யாரோ ஒருவர் அனுப்ப நினைத்த செய்தி. செய்திச் செயலியில் வருவது, நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள் என்று பார்த்து ஒரு கணிப்பு நிரல் தேர்ந்தெடுத்த செய்தி. செய்தியோடையில், நீங்கள் பெயர் சொல்லிச் சேர்த்த தளம் வெளியிட்ட எல்லாமே வெளியான வரிசையில் வரும். நீங்கள் சேர்க்காத எதுவும் வராது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, சுருக்கம் அல்லது முழு உரை, நேரம், இணைப்பு ஆகியவற்றை இயந்திரம் படிக்கக்கூடிய ஒரு கோப்பாக ஓரிடத்தில் வைக்கிறது. ரீடர் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப்பார்த்துப் புதியவற்றை மட்டும் எடுத்துவந்து அடுக்குகிறது.

ஒரு நாளிதழை மேலோட்டமாகப் புரட்டுகிறவருக்கு இது தேவையில்லை. ‘இந்தப் பத்து இடங்களில் எதுவும் என் கண்ணுக்குத் தப்பக் கூடாது’ என்ற நிலையில் இருப்பவருக்கு இதற்கு இணையான வேறு வழியில்லை.

இது பழைய தொழில்நுட்பம், கூகுளே கைவிட்டுவிட்டது என்கிறார்களே?

பழையது என்பது உண்மை. செய்தியோடைக் கோப்புக்கான ஆர்எஸ்எஸ் என்ற வடிவத்தின் முதல் பதிப்பை நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் வெளியிட்டது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆர்.வி. குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0 வந்தது, 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற இணை வடிவம் தரப்படுத்தப்பட்டது. இன்றைய ரீடர்கள் இரண்டையுமே படிக்கும் என்பதால் அந்த வேறுபாட்டைப் பற்றி வாசகர் கவலைப்பட வேண்டியதில்லை.

கூகுள் ரீடர் 2005 அக்டோபரில் தொடங்கி 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் தன்னுள்ளிருந்த ஓடை வசதியை 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு நீக்கியது. மூடப்பட்டவை இந்தக் கருவிகள்தாம்; வடிவம் பொதுச்சொத்து. பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இன்றும் இதே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் பரவுகின்றன. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி ஆயிரக்கணக்கானோருக்குப் பதிவுகளைக் கொண்டுசேர்த்ததும் இந்த ஓடைகளின் துணையோடுதான். பெரிய நிறுவனம் ஒன்று விலகினாலும் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் வாசிப்பு நிற்காது என்பதைக் கூகுள் ரீடரின் முடிவு காட்டியது. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சேவையையும் முதலில் அந்தக் கண்கொண்டே பார்த்திருக்கிறேன்.

கைபேசிச் செயலி, இணையச் சேவை, சொந்த வழங்கி (சர்வர்) என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். வேறுபாடு என்ன?

ஓடையை எட்டிப்பார்க்கும் வேலையை யார் செய்கிறார் என்பதே வேறுபாடு. மற்ற வசதிகளெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தனிச் செயலியில் உங்கள் கைபேசியோ கணினியோதான் ஒவ்வொரு தளத்துக்கும் போய்வருகிறது. கணக்கு வேண்டாம், பணம் வேண்டாம், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது இடையில் எந்த ரீடர் சேவைக்கும் தெரியாது. இதில் பலரும் கவனிக்காத ஒரு குறை உண்டு. ஓர் ஓடைக் கோப்பில் கடைசிச் சில பதிவுகள் மட்டுமே இருக்கும்: வேர்ட்பிரஸ் தளங்கள் இயல்பாக 10 பதிவுகளையும் பிளாகர் தளங்கள் 25 பதிவுகளையும் வைக்கின்றன. மாதம் இரண்டு பதிவு எழுதும் வலைப்பதிவருக்கு இது போதும். நாள் முழுதும் செய்தி வெளியிடும் நாளிதழின் ஓடையில், காலையில் வந்தது மாலைக்குள் கோப்பின் அடியிலிருந்து உதிர்ந்துவிடும். அதற்குள் உங்கள் கைபேசி எட்டிப்பார்க்கவில்லை என்றால் அந்தச் செய்தி வந்ததே உங்களுக்குத் தெரியாது. பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லிப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் கைபேசிகளில் இது அடிக்கடி நடக்கும். அமைப்புகளில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும்.

இணையச் சேவையில் அவர்களுடைய வழங்கி இரவும் பகலும் எட்டிப்பார்த்துச் சேர்த்துவைக்கிறது. ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு வாரம் கைபேசியைத் தொடாவிட்டாலும் எல்லாம் காத்திருக்கும். கைபேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகவே காட்டும். இதற்கு விலை, சேவையின் இலவச வரம்புக்குள் அடங்குவது அல்லது பணம் கட்டுவது. சொந்த வழங்கி என்பது இதே வேலையை நீங்களே நிறுவி நடத்துவது; அதைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றுதான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பின்தொடரும் தளங்கள் இருபதுக்குள் இருந்து, அவற்றில் நாளிதழ்கள் ஒன்றிரண்டுதான் என்றால், ஃபீடர் என்ற திறமூலச் (மூலநிரலை எவரும் பார்க்கத் திறந்துவைத்த) செயலி போதும். அது பிளே ஸ்டோரிலும், திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. ஓடையில் சுருக்கம் மட்டும் இருந்தால் முழுக்கட்டுரையையும் எடுத்துவைக்கும்படி சொல்லலாம் என்பதால், பேருந்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்க முடிகிறது.

நாளிதழ் ஓடைகள் நான்கைந்துக்கு மேல் போனால், அல்லது வீட்டில் கணினியிலும் படிக்க வேண்டும் என்றால், இணையச் சேவைக்கே போங்கள். தனிச் செயலியைக் கட்டிக்கொண்டு ‘ஏன் செய்தி விட்டுப்போகிறது’ என்று வருந்துவதில் பயனில்லை.

ஃபீட்லி, இனோரீடர், ஓல்டு ரீடர், நியூஸ்பிளர். இலவச நிலையில் எது நல்லது?

வரம்புகளை முதலில் சொல்லிவிடலாம். இலவசக் கணக்கில் ஃபீட்லி 100 ஓடைகளையும், பல்கேரியாவிலிருந்து இயங்கும் இனோரீடர் 150 ஓடைகளையும், ஓல்டு ரீடர் 100 ஓடைகளையும், நியூஸ்பிளர் 64 தளங்களையும் அனுமதிக்கின்றன. தனிவாசகர் ஒருவருக்கு 64கூடப் போதும். ஆகவே எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஃபீட்லி பார்வைக்கு அழகானது, புதியவர் ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார். ஆனால் அந்த நிறுவனத்தின் கவனம் சில ஆண்டுகளாகவே பெரிய நிறுவனங்களுக்குத் தகவல் திரட்டித் தரும் தொழிலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இலவச வாசகர் அங்கே விருந்தாளியாக இருக்கலாம், வீட்டுக்காரர் போல நடமாட முடியாது. கோப்புறைகளும் மூன்றுதான்.

இனோரீடர், கூகுள் ரீடர் போன வெற்றிடத்தில் 2013இல் வந்தது. அமைப்புகள் மிகுதி, முதல் நாள் திகைப்பாக இருக்கும். இலவசக் கணக்கில் விளம்பரம் வரும். இருந்தாலும், இலவசமாகவே நீண்டநாள் இருக்க நினைப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்: கோப்புறைகளைத் தாராளமாகப் பிரிக்கலாம், கைபேசியிலும் கணினியிலும் ஒரே சீராக நடக்கிறது.

ஓல்டு ரீடர் பழைய கூகுள் ரீடரின் சாயலில், பளபளப்பு ஏதுமின்றி அமைந்தது. கணினித் திரையில் தலைப்புகளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பவருக்குப் பிடிக்கும்.

நியூஸ்பிளர் தனிரகம். ஒரே நிரலாளர் 2009 முதல் நடத்திவரும் திறமூலச் சேவை. தலைப்பில் உள்ள சொல், எழுதியவர் பெயர், குறிச்சொல் ஆகியவற்றைப் ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’ என்று நீங்களே பழக்கிவிடலாம். அந்த விதி உங்கள் கண்முன்னே இருக்கும் என்பதால், செய்தி ஏன் மேலே வந்தது, ஏன் மறைந்தது என்று எப்போதும் தெரியும். கட்டணக் கணக்கு ஆண்டுக்கு 36 டாலர்.

எல்லாப் பெரிய சேவைகளுக்கும் பொதுவான ஒரு குணத்தையும் அறிந்திருங்கள். பலர் சந்தா செய்த ஓடையை அவை அடிக்கடி எட்டிப்பார்க்கும். நீங்கள் ஒருவர் மட்டுமே பின்தொடரும் தேனி மாவட்டத்து வலைப்பதிவை எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும். சிறிய தமிழ்த் தளங்களின் பதிவு சில மணிநேரம் தாமதமாக வந்தால் காரணம் இதுவாகவே இருக்கும்.

‘மதுரை’, ‘மின்தடை’ என்று சொல் கொடுத்து வடிகட்ட முடியுமா? வைத்துப் பார்த்தால் பாதிதான் சிக்குகிறது.

பெரும்பாலான ஒப்பீடுகள் ஆங்கில வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் இந்தக் கேள்வியை அவை தொடுவதே இல்லை. தமிழ் வாசகருக்கு ஒரு சேவையின் தரத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசி மாறுகிறது. ‘திருமங்கலம்’ என்று வடிகட்டி வைத்தால் ‘திருமங்கலத்தில் விபத்து’ என்ற தலைப்பு சிக்காது. ‘அவனியாபுரம்’ என்று வைத்தால் ‘அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு’ நழுவும். ஆகவே மாறாமல் நிற்கும் பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும்: ‘திருமங்கல’, ‘அவனியாபுர’, ‘திருப்பரங்குன்ற’. ‘மேலூர்’ என்பதற்குப் புள்ளியை நீக்கி ‘மேலூர’ என்று கொடுத்தால் மேலூர், மேலூரில், மேலூருக்கு மூன்றும் அடங்கும், ஏனென்றால் கணினிக்கு ‘ர’ ஓர் எழுத்து, புள்ளியும் உயிர்க்குறியும் அதன் பின்னால் வரும் தனிக் குறிகள். ‘பாலமேடு’ உருபேற்றால் ‘பாலமேட்டில்’ ஆகும். அதற்கு ‘பாலமேட’ போதும். கீழடி, உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற ஊர்ப்பெயர்கள் உருபேற்றாலும் தம் உருவம் குலைவதில்லை, அப்படியே கொடுக்கலாம்.

அடுத்தது, ஒரே பொருளுக்குப் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும் வழக்கு. ‘மின்தடை’, ‘மின் தடை’, ‘மின்நிறுத்தம்’, ‘மின் நிறுத்தம்’ நான்கையும் கொடுத்தால்தான் நாளைய பராமரிப்புப் பணி எந்தப் பகுதியில் என்ற செய்தி ஒழுங்காக வந்துசேரும். வழக்குரைஞர்கள் ‘உயர் நீதிமன்ற’, ‘உயர்நீதிமன்ற’, ‘ஐகோர்ட்’ ஆகிய மூன்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். எதிர்த் தொல்லையும் உண்டு: அணை நீர்மட்டத்துக்காக ‘வைகை’ என்று வைத்தவருக்கு வைகை எக்ஸ்பிரஸ் கால அட்டவணையும் வைகைப்புயல் வடிவேலு நடிக்கும் புதுப்படச் செய்தியும் சேர்ந்தே வரும். ‘வைகை அணை’ என்று இரு சொல்லாகக் கொடுத்தால் தீர்ந்தது.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘சோழவந்தான்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். ‘கொட்டாம்பட்டி’யின் ஒகரத்துக்கும் இதே கதை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; எழுத்தை அப்படியே ஒப்பிடும் வடிகட்டிக்கு அவை வெவ்வேறு. தேடல் பலிக்கவில்லை என்றால், சொல்லை நீங்கள் தட்டச்சு செய்யாமல் அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்.

இனி எந்தச் சேவையில் இது நடக்கும் என்பது. ஃபீட்லியிலும் இனோரீடரிலும் வடிகட்டும் வசதி கட்டணக் கணக்குக்கு உரியது. ஃபீடர் செயலியில் வேண்டாத தலைப்புகளைத் தடுக்கும் பட்டியல் இலவசமாகவே உண்டு. நியூஸ்பிளரில் தலைப்பின் ஒரு பகுதியைக் குறித்துப் பழக்கலாம். மினிஃபிளக்ஸ் (கட்டணச் சேவையாகவும் சொந்த வழங்கியிலும் இயங்குவது), நியூஸ்போட் (எழுத்துக் கட்டளைகளால் இயங்கும் கணினி மென்பொருள்) ஆகியவை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிவக் கோவைகளை ஏற்பதால் மேலே சொன்ன எல்லா நுணுக்கத்தையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒரே எச்சரிக்கை: மினிஃபிளக்ஸில் சொல் எல்லையைக் காட்டும் குறியைத் தமிழுக்குப் பயன்படுத்த வேண்டாம், அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே சொல்லென்று அறியும். வடிகட்டுவதுதான் உங்கள் முதன்மைத் தேவை என்றால், அழகைப் பார்க்காமல் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றுக்குப் போகலாம்.

போட்டித் தேர்வுக்கு நடப்புச் செய்தி படிக்கிறேன். எவற்றைச் சேர்ப்பது?

புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து படிப்பவர்கள் பலரும் நடப்புச் செய்திக்கு யூடியூப் தொகுப்புகளையே நம்பியிருக்கிறார்கள். மூலத்தையே படிக்கலாம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஆர்எஸ்எஸ் தருகிறது. பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. தி இந்து ஆங்கில நாளிதழ் பிரிவுவாரியாகவும் நகர்வாரியாகவும் தனித்தனி ஓடை தருகிறது, அதில் மதுரைக்கென்றே ஒன்று இருக்கிறது.

நாளிதழின் முதன்மை ஓடையைச் சேர்க்காதீர்கள். தலையங்கம், நாடு, அறிவியல் என்று வேண்டிய பிரிவின் ஓடையை மட்டும் எடுங்கள். சினிமாவும் கிரிக்கெட்டும் தாமாகவே விலகிவிடும், இலவசக் கணக்கில் வடிகட்டி இல்லாத குறையும் தெரியாது. யூடியூப் வாத்தியாரை விட முடியாது என்றால் அவருடைய சானலையும் இதே ரீடரில் சேர்க்கலாம். யூடியூப் ஒவ்வொரு சானலுக்கும் அண்மைக் காணொளிகள் 15 அடங்கிய ஓடையைத் தருகிறது, சானலின் முகவரியை ஒட்டினாலே பெரும்பாலான ரீடர்கள் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் வேறு காணொளிகள் வந்து இழுக்காது என்பது இதில் பெரிய நன்மை.

சில தளங்களில் இரண்டு வரி மட்டுமே வருகிறது. முழுக்கட்டுரை கிடைக்காதா?

ஓடையில் எவ்வளவு தருவது என்பது வெளியீட்டாளரின் முடிவு. வாசகர் தளத்துக்கே வந்து விளம்பரம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பல நாளிதழ்கள் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஃபீடர், மினிஃபிளக்ஸ், சொந்த வழங்கியில் நிறுவும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போன்றவை இணைப்பைத் தொடர்ந்து போய்க் கட்டுரைப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தரும். சில தமிழ்த் தளங்களில் இது புகைப்படக் குறிப்பையும் ‘இதையும் படிங்க’ வரிகளையும் நடுவில் சொருகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளலாம். சந்தாதாரருக்கு மட்டுமே உரிய கட்டுரையை எந்த ரீடரும் திறந்து தராது, அதை எதிர்பார்ப்பதும் முறையில்லை.

தளத்தில் ஆர்எஸ்எஸ் சின்னமே காணோம். ஓடை இல்லை என்று கொள்வதா?

சின்னத்தை எடுத்துவிட்டு ஓடையை அப்படியே விட்டுவைத்திருக்கும் தளங்கள் பல. முதலில் தளத்தின் முகவரியையே ரீடரில் ஒட்டிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் சாய்கோடிட்டு ‘ஃபீட்’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தால் பெரும்பாலும் கிடைக்கும். உண்மையிலேயே ஓடை இல்லாத பக்கங்களுக்கு ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ்ஹப் என்ற திறமூலக் கருவிகள் ஓடையைச் செய்து தருகின்றன; தளத்தின் வடிவமைப்பு மாறும்போதெல்லாம் அவை பழுதாகும். மின்னஞ்சலில் மட்டும் வரும் மடல்களுக்கு ஃபீட்பின் என்ற கட்டணச் சேவை, நியூஸ்பிளர் ஆகியவை தனி முகவரி ஒன்றைத் தந்து, வரும் மடலை ஓடையோடு சேர்த்துக் காட்டுகின்றன.

உடனுக்குடன் வருமா? பூ விலை பார்க்கலாமா?

வராது. ரீடர் குறிப்பிட்ட இடைவெளியில் எட்டிப்பார்ப்பது, பத்து நிமிடமோ ஒரு மணிநேரமோ ஆகலாம். வெளியான உடனே தகவல் அனுப்பும் வெப்சப் என்ற முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது, பிளாகர் தளங்கள் அதைப் பின்பற்றுகின்றன. எல்லாத் தளங்களிலும் அதை எதிர்பார்க்க முடியாது. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையில் மல்லிகை விலை மணிக்கு மணி ஏறுவதை அறிய வியாபாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் சரி. நேற்றைய விலையையும் கடந்த மாத விலையையும் பற்றிய செய்திகளைச் சேர்த்துவைக்க ஓடை உதவும்.

ஐபோன், மேக், விண்டோஸ், லினக்ஸ்?

ஆப்பிள் கருவிகள் வைத்திருப்பவர் வேறெதையும் தேட வேண்டாம், நெட்நியூஸ்வயர் போதும். 2002இல் பிறந்த மென்பொருள், இன்று திறமூலமாக இலவசமாகக் கிடைக்கிறது, ஐகிளவுட் வழியாகவே கருவிகளை ஒத்திசைக்கிறது. பிறகு ஃபீட்பினுக்கோ இனோரீடருக்கோ மாறினாலும் அதே முகப்பில் படிக்கலாம். விண்டோஸில் ஆர்எஸ்எஸ் கார்டு, ஃபுளூயன்ட் ரீடர்; மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு வைத்திருப்பவருக்கு அதிலேயே ஓடை வசதி உண்டு. லினக்ஸில் லிஃபெரியா. எழுத்துக் கட்டளைகளை மட்டுமே ஏற்கும் முனையத் (டெர்மினல்) திரையில் வேலை செய்பவருக்கு நியூஸ்போட், ஆனால் பல முனையங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தெரியும்.

பணம் கட்டுவதானால் எதற்கு? நம் கார்டு செல்லுமா?

மினிஃபிளக்ஸை அதன் ஆசிரியரே நடத்தித் தரும் சேவை ஆண்டுக்கு 15 டாலர். இந்த வரிசையில் இதுவே மலிவு, வடிகட்டும் திறனையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. ஆனால் முகப்பு மிகவும் வறட்சியானது, படம் பார்த்துப் படிப்பவருக்கு ஒத்துவராது. ஃபீட்பின் மாதம் 5 டாலர், இலவசக் கணக்கு கிடையாது. தமிழ் எழுத்து அதில் அழகாக அமர்கிறது.

பணம் செலுத்தும்போதுதான் நம்மவர்களுக்குத் தொல்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். தானாகப் பிடித்தம் செய்யும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. முன்னறிவிப்பும் வாசகரின் ஒப்புதலும் அவற்றின்படி தேவை. சிறிய வெளிநாட்டுச் சேவைகள் பலவும் அந்த ஏற்பாட்டில் இணையாததால் இரண்டாம் மாதப் பிடித்தம் தோற்று, கணக்கு முடங்கும். மாதச் சந்தாவைத் தவிர்த்து, ஆண்டுச் சந்தாவை நீங்களே கட்டுவது நல்லது. சேவையின் செயலி பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா வாங்குமானால் யுபிஐ மூலமே முடித்துவிடலாம்.

சொந்த வழங்கியில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிறுவ ஆசை. வீட்டிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் இலேசானது, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில்கூட நன்றாக ஓடும்; எஸ்கியூலைட் தரவுத்தளமே போதும். ஒரே நிறுவலில் பல பயனர்களைச் சேர்க்கலாம் என்பதால், நான்கைந்து ஜூனியர்கள் உள்ள வழக்குரைஞர் அலுவலகத்துக்கு இது மிகப் பொருத்தம். ஒரே இனோரீடர் கணக்கை நால்வர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் படித்தது மற்றவருக்கு மறைந்துபோகும். இதில் ஆளுக்கொரு கணக்கு.

சிக்கல் வெளியிலிருந்து அணுகுவதில். வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன, ஆகவே ஒத்தக்கடையிலிருந்து உங்கள் வீட்டுக் கணினியை நேராக எட்ட முடியாது. நிலையான முகவரிக்குத் தனிக்கட்டணம் கட்ட வேண்டும், அல்லது டெய்ல்ஸ்கேல் போன்ற தனிவலை மென்பொருளைக் கைபேசியிலும் நிறுவ வேண்டும். பராமரிப்பு மின்தடை நாளில் காலை முதல் மாலைவரை வழங்கியும் உறங்கும். இன்வெர்ட்டரில் ரவுட்டரையும் சேர்த்து இணையுங்கள். மேம்படுத்துவது, காப்பு நகல் எடுப்பது இரண்டும் உங்கள் பொறுப்பு. இவற்றை விரும்பிச் செய்பவர் நிறுவுங்கள். பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால், ஆண்டுக்கு 15 டாலர் கட்டிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மிச்சப்படுத்துங்கள்.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸும் மினிஃபிளக்ஸும் கூகுள் ரீடரின் பழைய இணைப்பு முறையைப் பேசுகின்றன. கூகுள் கைவிட்ட அந்த முறையே இன்று செயலிகளுக்குப் பொதுமொழி ஆகிவிட்டது. ஆகவே ஆண்ட்ராய்டில் ரீட் யூ, ஐபோனில் நெட்நியூஸ்வயர் என்று பிடித்த முகப்பில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸைப் படிக்கலாம்.

நான் என்ன படிக்கிறேன் என்பது யாருக்காவது தெரியுமா?

இணையச் சேவைக்குத் தெரியும். தனிச் செயலியில், நீங்கள் பின்தொடரும் தளத்துக்கு உங்கள் இணைய முகவரி மட்டும் தெரியும். நிருபராக இருந்து, சில தளங்களைப் பின்தொடர்வதே வெளியில் தெரியக் கூடாது என்றால் சொந்த வழங்கியோ தனிச் செயலியோதான் வழி. ஏனையோர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். ஓபிஎம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவம் இதற்காகவே இருக்கிறது. அமைப்புகளில் ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தொட்டால் கோப்புறைகளோடு உங்கள் ஓடைப் பட்டியல் முழுதும் ஒரு சிறு கோப்பாக இறங்கும். புதிய ரீடரில் ‘இம்போர்ட்’ கொடுத்தால் நிமிடத்தில் ஏறிவிடும். மேலே பெயர் சொன்ன ரீடர்கள் அனைத்திலும் இது நடக்கும். ஏற்றுமதி வசதி இல்லாத ரீடரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொட வேண்டாம்.

பட்டியல் மட்டுமே மாறும் என்பதை நினைவில் வையுங்கள். எதைப் படித்தீர்கள் என்ற குறிப்பும், நட்சத்திரமிட்டுச் சேமித்த கட்டுரைகளும், வடிகட்டி விதிகளும் பெரும்பாலும் கூட வருவதில்லை. பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேமித்துவைக்கப் பலரும் நம்பியிருந்த பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டபோது பலர் சேமிப்பை அவசரமாக இறக்கிக்கொள்ள நேர்ந்தது. தேர்வுக் குறிப்பாகவோ வழக்குக் குறிப்பாகவோ நிலையாக வேண்டிய கட்டுரையை ரீடருக்குள் நட்சத்திரமிட்டு விடாமல் பிடிஎஃப் ஆக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓபிஎம்எல் கோப்பை மாதம் ஒருமுறை இறக்கி உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும்.

சேர்த்தேன், ஒரு வாரத்தில் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. என்ன செய்ய?

‘எல்லாம் படித்ததாகக் குறி’ என்ற பொத்தானை அழுத்துங்கள். பிறகு, ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் தரும் ஓடைகள் எவை என்று பார்த்து, அவற்றை ‘நாளிதழ்’ என்ற தனிக் கோப்புறைக்குள் தள்ளிவிடுங்கள். வாரம் ஒன்றோ மாதம் ஒன்றோ எழுதுபவர்களின் ஓடைகளை வேறு கோப்புறையில் வைத்து, தினமும் அதை முதலில் திறவுங்கள். நாளிதழ் கோப்புறையில் அன்றைய தலைப்புகளை ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடலாம். எண்ணிக்கை உறுத்தினால் அமைப்புகளில் அந்த எண்ணையே மறைக்கும் வசதி பல ரீடர்களில் உண்டு. ஒரு மாதமாகத் திறக்காத ஓடையை நீக்கிவிடுங்கள், வேண்டும்போது மீண்டும் சேர்த்துக்கொள்ள அரை நிமிடம்தான் ஆகும்.